மூன்றாவது டேப்பெட்

ஜனவரி 5, திங்கள்

இனி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு எவனும் "நான் எப்பங் மச்சா அப்படிச் சொன்னேன்" என்று மழுப்பக் கூடாது. எவனும் என்றால் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரி வசந்தாமணியின் தம்பி குழந்தைவேல்தான், நான் மாப்ளை என்று கூப்பிடுகிறவன்.

விஷயம் இதுதான். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் சாலையில் பழைய கார்களுக்கு மலையேறும் போட்டி. போன வருடம் என்னுடைய வெள்ளை ஃபியட் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தவன் உடுமலை மயில்சாமி. அவனுடையதும் ஃபியட்தான், அதே இஞ்சின், அதே வயசு. பின்னே எப்படி ஜெயித்தான்? கேம்ஷாஃப்ட்! வால்வு எவ்வளவு உயரம் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற தண்டு அது. கம்பெனி வைத்து அனுப்பிய தண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர. மலையில் ஜெயிக்க வேறு தண்டு போட்டாக வேண்டும்.

இருபது வருடமாக அந்தக் காரை நானும் மாப்ளையும்தான் பார்க்கிறோம். கழற்றி மாட்டுவது அவன் கை. ட்யூனிங் என் காது. கணபதி வட்டாரத்தில் "சென்னியப்பன் காது" என்றால் தெரியாத மெக்கானிக் கிடையாது. இப்படி இருந்தவன் கொஞ்ச நாளாக என்னிடம் எதையோ மறைக்கிறான். நான் உள்ளே போனால் அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தாவிட்டால் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் சந்தேகப் பிராணி இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 7, புதன்

கேம் அரைத்துக் கொடுக்கிற தனபால் பட்டறைக்குப் போனோம். மேசைமேல் இரண்டு தண்டுகளை வைத்தார். சின்னது, கம்பெனி கேமைவிடக் கொஞ்சம் காரம் கூட. பெரியது, வால்வை நிறைய நேரம் திறந்து வைக்கும். அடியில் இழுவை கொஞ்சம் குறையும், மேலே போகப் போகப் பேய் மாதிரி இழுக்கும். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது சீராக ஓடாது, நொண்டிக் குதிரை மாதிரி துள்ளித் துள்ளி ஓடும். அந்தத் துள்ளல் சத்தத்துக்காகவே அதைப் போடலாம்.

நான் பெரியதில் கை வைத்தேன். மாப்ளை சின்னதைத் தூக்கிக் கொண்டான்.

"சின்னதே போதுங் மச்சா. இது மன்னிக்கும். அது மன்னிக்காதுங்."

"மன்னிக்கறதுக்கு அது என்ன குலசாமியா?"

"டேப்பெட் எடைவெளி ஒரு மயிரளவு தப்புனாலும் கேமோட மூக்கத் தின்னு போடுங்."

"டேப்பெட் வெக்கறது ஆரு? நானு. என்ற காது இருக்கறப்ப உனக்கு என்னடா பயம்?"

கேமின் மூக்கு என்பது தண்டில் வால்வைத் தள்ளுகிற மேடு. டேப்பெட் என்பது வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே விடுகிற மெல்லிய சந்து. கூடினால் தட்டும், குறைந்தால் வால்வு கருகும். மற்றவர்கள் அந்தச் சந்தில் அளவுத் தகடு நுழைத்துப் பார்ப்பார்கள். நான் சத்தத்தை வைத்தே வைத்துவிடுவேன். தகடு, காது இல்லாதவனுக்கு.

இதைச் சொன்னதும் மாப்ளை தனபாலைப் பார்த்தான். தனபால் திடீரென்று மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த மேசை!

ஜனவரி 10, சனி

இன்று சனிக்கிழமை, ஆகவே மாப்ளை சாப்பாட்டுக்கு வந்தான். இரண்டு வருடமாக ஒரு சனிக்கிழமை தப்பியதில்லை. அவன் பெண்சாதி தவறிப்போன பிறகு வீட்டில் ஆக்கிப்போட ஆளில்லை, சரி. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குகிற சாதம் வசந்தாமணி கையில் தனி ருசி, அதுவும் சரி. ஆனால் சாப்பிட்டதும் நான் படுக்கிறேன், எழுந்து பார்த்தால் இவன் ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வெளியே எடுக்காத காரில் அப்படி என்ன தூசி? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

சாயங்காலம் காந்திபுரம் போனேன். பேக்கரியில் மாப்ளை டீ குடித்துக்கொண்டிருந்தான். எதிரே யார்? உடுமலை மயில்சாமி. தலையோடு தலை முட்டுகிற மாதிரி பேச்சு. மயில்சாமி தன் காதைத் தொட்டுத் தொட்டு ஏதோ விளக்குகிறான். என் இஞ்சின் ரகசியமெல்லாம் அவன் காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜனவரி 12, திங்கள்

தனபாலிடம் நானே நேரில் போய்ப் பெரிய கேமை வாங்கிவிட்டேன். மயில்சாமிக்குக் கையாளாக இருப்பவன் சின்னதைத்தானே சொல்வான்.

ஜனவரி 14, புதன்

பால்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். கேட்டால் அடித்தேன் என்கிறான். திமிர்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடிந்து நேற்று ரேடியேட்டரை இறக்கி, முன்பக்கம் பிரித்து, பழைய கேமை உருவினோம். புதுக் கேமை இன்றைக்கு நானும் கூட நின்று மாட்டுவதாக ஏற்பாடு. காலையில் பார்த்துச் சென்னிமலையில் ஒரு எழவு, போகாமல் இருக்க முடியாது. "நான் வர்ற வரைக்கும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தால் எல்லாம் மாட்டி முடித்து, ஓட்டியும் பார்த்துவிட்டான். புதுக் கேம் என்றால் முதல் அரைமணி நேரம் நிறுத்தாமல் ஏற்றிய வேகத்தில் ஓட்டிப் பழக்க வேண்டும். அதையும் செய்துவிட்டானாம்.

"உங்களுக்கு எதுக்குங் மச்சா செரமம்னு..."

செரமமாம்! சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

துள்ளல் இல்லை. நொண்டல் இல்லை. தண்ணீர் பம்ப் மாதிரி பேசாமல் ஓடுகிறது. பெரிய கேம் இப்படி ஓடாது. நான் வாங்கி வைத்த தண்டு எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 21, புதன்

இரவெல்லாம் தூக்கமில்லை. சின்ன கேமைத்தான் மாட்டியிருக்கிறான். பெரியது இந்நேரம் உடுமலைக்குப் போயிருக்கும்.

காலையில் இஞ்சினை ஓடவிட்டேன். வசந்தாமணி வந்து "ஐயோ, என்னங் இது, இப்படி உறுமுது, செவுரெல்லாம் அதிருது" என்றாள். கண்ணை அகல விரித்துச் சொன்னாள். நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு நிர்மலா டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பரீட்சை நேரம், பேப்பர் திருத்த முடியல, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்று கும்பிட்டார். டீச்சருமா! இவன் எத்தனை பேரைத்தான் கைக்குள் போட்டிருக்கிறான்?

கார் நடுங்குவது உண்மை. கண்ணாடியில் முகம் ஆடுகிறது. ஆனால் சத்தமில்லாத நடுக்கம் இஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் ரப்பர் போனதால் வருவது. புது ரப்பர் வாங்கிப் போட்டேன். நடுக்கம் நிற்கவில்லை. இந்தக் காலத்து ரப்பரும் அப்படித்தான்.

ஜனவரி 23, வெள்ளி

டேப்பெட்டை நானே காதால் வைத்தேன். சுத்தமாக, ஒரு தட்டல் இல்லாமல் அமைந்தது. இவ்வளவு அமைதியாக என் வாழ்நாளில் வைத்ததில்லை. கை இன்னும் போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. வசந்தாமணி மட்டும் ஷெட் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலைவலியாம்.

மூடியை மாட்டியதும் ஒரு யோசனை வந்தது. மகள் கல்யாணத்துக்கு முன் விட்டுப்போன நகப்பூச்சு அலமாரியில் இருந்தது. மூடியின் நட்டுகள்மேல் சிவப்பாக ஒவ்வொரு கோடு இழுத்து வைத்தேன். எவன் திருகினாலும் கோடு உடையும்.

ஜனவரி 24, சனி

சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்தேன், போய்ப் பார்த்தேன்.

கோடு உடைந்திருக்கிறது! எல்லா நட்டிலும்.

மடியில் கனமில்லாதவன் ஏன் திருட்டுத்தனமாக மூடியைக் கழற்ற வேண்டும்? வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். டேப்பெட்டை மறுபடி நானே காதால் வைத்து மூடினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஜனவரி 28, புதன்

ஸ்டார்ட்டர் பல் தேய்ந்துவிட்டது. மட்டமான பொருள். இன்று சாவியைத் திருப்பும்போது மாப்ளை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். "ஓடீட்டிருக்குதுங் மச்சா! ஓடீட்டிருக்குது!" எனக்குத் தெரியாதா? சும்மா திருப்பிப் பார்த்தேன்.

தெரியும் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

ஜனவரி 31, சனி

பிடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பல்லடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு என்று சொல்லி, வேட்டி கட்டி, மத்தியானமே ஸ்கூட்டரில் கிளம்பினேன். சிக்னல் வரை போய் ஒரு கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் பின்வழியாக நடந்து ஷெட்டுக்கு வந்தேன்.

இஞ்சின் மூடி கழற்றிக் கீழே இருக்கிறது. மாப்ளை குனிந்து, ஒரு கையில் ஸ்பானரும் மறுகையில் அளவுத் தகடுமாக என் டேப்பெட்டைத் திருகிக்கொண்டிருக்கிறான். வசந்தாமணி டார்ச் அடிக்கிறாள்! என் பெண்சாதி, என் ஷெட்டில், என் டார்ச்சை!

"ஏன்டா துரோகி!" என்றேன். இருபது வருடமாக அவனை அந்த வார்த்தை சொன்னதில்லை. "மயில்சாமி எவ்வளவுடா குடுத்தான்? பெரிய கேம் எங்கடா? நான் வெச்ச டேப்பெட்டக் கெடுக்கறதுக்கு என்ற ஊட்டுச் சோத்தையே தின்னுட்டு வர்றயா?"

அவன் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினால் யாருக்குப் புரியும்?

"நிமுந்து பேசுடா! குசுகுசுன்னு பேசறவனெல்லாம் களவாணி!"

வசந்தாமணி டார்ச்சைக் கீழே போட்டாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"அவன் குசுகுசுன்னு பேசலைங்! கத்தறான்! தெருவே கேக்கற மாதிரி கத்தறான்! உங்களுக்குக் காது கேக்கறதில்லைங், ரெண்டு வருசமாக் கேக்கறதில்லை!"

அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்படிக் கத்தியது எனக்குச் சாதாரணமாகப் பேசுகிற மாதிரிதான் கேட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அவள்தான் சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, என் கையைப் பிடித்துக்கொண்டு. நான் வைக்கிற டேப்பெட்டெல்லாம் லூஸ். எட்டும் தட்டுகிறது, தெருமுனை வரை கேட்கிறது. சென்னியப்பன் காது போய்விட்டது என்று எவன் வாயிலும் வரக் கூடாதென்று இவன் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, நான் தூங்கும்போது கழற்றித் தகடு வைத்துச் சரி பண்ணிவிட்டு, காரைத் துடைப்பதுபோல் நிற்கிறான். பழைய கேமுக்கு வாரம் ஒருமுறை சரி பண்ணினால் போதும். பெரிய கேம் வாரம் முழுக்கத் தாங்காது, மூக்குத் தேய்ந்துவிடும். சின்னதைப் போடலாம் என்று மன்றாடியதெல்லாம் அதற்குத்தான்.

மாப்ளை தகட்டைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

நம்பவில்லை. காதைப் பற்றிச் சொன்னது ஒருவேளை மெய்யாக இருக்கலாம். கேமை மாற்றியதை மறைக்க அதையே சாக்காகச் சொல்லலாம் அல்லவா?

காலையில் வசந்தாமணி கோயிலுக்குப் போனதும் ஷெட்டுக்குப் போனேன். இஞ்சினை ஓடவிட்டேன். நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். பேரிங் சத்தம் பார்க்க எல்லா மெக்கானிக்கும் செய்கிறதுதான். எனக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

டடக்... டடக் டடக்... டடக்.

நொண்டிக் குதிரை. மண்டைக்குள்ளேயே ஓடியது. நான் வாங்கிய கேம்தான், பெரிய கேம்தான். முதல் நாளிலிருந்து அங்கேயேதான் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேலே, ஒரு தட்டல் இல்லை. எட்டு டேப்பெட்டும் பட்டு மாதிரி. அவன் கை.

பிடியை எடுத்தேன், அமைதி. வைத்தேன், குதிரை. எடுத்தேன், வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. வசந்தாமணி வந்து நெற்றியில் திருநீறு வைத்தபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. வயசான காலத்தில் கெரகம்!

அவனைத் துரோகி என்றேனே.

பிப்ரவரி 9, திங்கள்

மாப்ளைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். துரோகி என்றதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது "வசந்தாமணி உனக்கு முறுக்கு சுட்டு வெச்சிருக்கறா" என்றேன். "சரிங் மச்சா" என்றான்.

டாக்டரைச் சொன்னது யார் தெரியுமா? மயில்சாமி. அவன் அப்பாவுக்கு அங்கேதான் காது மிஷின் வாங்கினார்களாம். பேக்கரியில் தலையோடு தலை முட்டியது அதற்குத்தானாம். எதிராளிக்குக் காது வாங்கித் தருகிறான், அவனுக்கு என்ன மூளை குழம்பிவிட்டதா? இதில் ஏதோ இருக்கிறது. இருக்கட்டும், பிறகு பார்ப்போம்.

மிஷின் கடலைப் பருப்பு அளவுதான். பேட்டரியை அடிக்கடி மாற்ற வேண்டுமாம். பேட்டரி விற்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறான்கள்.

வீட்டுக்கு வந்ததும் பால்காரன் ஹாரன் அடித்தான். எருமை மாதிரி அடிக்கிறான். எத்தனை நாளாக அவனைத் திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

தகடும் காதும் சேர்த்து வைத்து டேப்பெட் வைத்தேன். மாப்ளை பக்கத்தில் நின்றான், கை கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவை வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டாவது. மறுபடியும் மயில்சாமி முதல்.

போகட்டும். கடைசிக் கொண்டை ஊசி வளைவில் அந்தக் கேம் பாடிய பாட்டைக் கேட்டேன், அது போதும். மேலே போய் நின்றதும் மயில்சாமியின் இஞ்சின் காதில் விழுந்தது. டேப்பெட் தட்டுகிறது அவனுக்கு! சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்பன் காதுக்கு மிஷின் வாங்கினவன் ஆயிற்றே என்று சொல்லித் தொலைத்தேன். "அண்ணன் காது அண்ணன் காதுதானுங்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். என்னைக் கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கிண்டல் மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

இரண்டாம் பரிசுக் கப்பைக் கொண்டுவந்து வைக்க மாப்ளை வந்திருந்தான். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அக்காளும் தம்பியும் பேசினார்கள். இந்த முறை நிஜமாகவே குசுகுசுவென்று பேசினார்கள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"மச்சாவே இனிப் பாத்துக்குவாருங்க்கா. எனக்கு இங்க சோலி இல்லை."

"சோலி இல்லீன்னா வரமாட்டயாடா?"

"சனிக்கெழமை வந்து சும்மா சோறு தின்னுட்டுப் போறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுக்கா. இத்தன நாளு ஒரு வேலையாவது இருந்துச்சு. அவ போனதுக்கப்பறம் அந்த ஒரு நாளுதான் நாளு மாதிரி இருந்துச்சு."

நான் பேப்பரைத் திருப்பினேன். கேட்காத மாதிரி இருக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

பிப்ரவரி 28, சனி

மாப்ளை வரவில்லை. அரிசியும் பருப்பும் மிச்சம். வசந்தாமணி கேட் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். போன் செய்தேன். "வேலைங் மச்சா" என்றான். அண்டப்புளுகு. பின்னால் டிவிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 6, வெள்ளி

காலையில் டேப்பெட் எட்டையும் சரிபார்த்தேன். எல்லாம் அச்சாக இருந்தது. மூன்றாவதை மட்டும் ஸ்பானர் போட்டுக் கொஞ்சம் லூசாக்கி விட்டேன். கேமுக்குக் கேடு வரக் கூடாதென்று அதன் பிறகு இஞ்சினை ஓட்டவில்லை.

போன் செய்து, "மாப்ளை, வண்டி என்னமோ சரியில்லை, நாளைக்கு வா" என்றேன்.

மார்ச் 7, சனி

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஷெட்டுக்குப் போய் இஞ்சினை ஓடவிட்டான். நான் பின்னாலேயே போய் நின்றேன். டிக் டிக் டிக் என்று தெளிவாகத் தட்டியது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, என் காதிலிருந்த மிஷினைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சா, மூணாவது டேப்பெட் தட்டுதுங்களே. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

பேட்டரி நேற்றுத்தான் மாற்றியது.

"இல்லீயே மாப்ளை," என்றேன். "நீயே கழட்டிப் பாரு. அவசரமில்லை, சாப்பிட்டுட்டுப் பாரு."